இரண்டு ஒக்டோபர்கள்: பங்குச் சந்தைச் சரிவு தரும் படிப்பினை

செல்வம் வரும் வகைக்கும் போகும் வகைக்கும் கூத்துக்களரியை உவமை கூறினார் வள்ளுவர். கூத்துப் பார்க்க வருவோர் ஒருவர் இருவராக வந்து சேர்வர். கூத்து முடிந்ததும் அனைவரும் ஒருசேர எழுந்து போவர். பெருஞ்செல்வம் சேர்வதும் கலைவதும் இத்தகையனவே என்பது அவர் கருத்து. நிலையாமையை உணர்த்த எழுந்த இவ்வுவமை இருபதாம் நூற்றாண்டின் பங்குச் சந்தைகளுக்கு எத்துணைப் பொருத்தமாக அமைந்துவிட்டது என்பதை எண்ணுந்தோறும் வியப்பே மேலிடுகின்றது. ஆயினும், உவமைக்குள் அடங்காத வேறுபாடொன்றும் உண்டு. கூத்துக்களரியில் நெரிசலுண்டானால் மிதிபடுவோர் கூத்துப் பார்க்க வந்தவர்களே. பங்குச் சந்தையில் மிதிபடுவோருட் பலர் அக்களரியின் வாசலைக்கூடக் கண்டறியாதவர்கள்.

சென்ற நூற்றாண்டில் உலகச் சந்தைகளை நடுங்கச் செய்த இருபெருஞ் சரிவுகள் ஒக்டோபர் மாதத்திலேயே நேர்ந்தன. ஒன்று 1929 இல். மற்றையது 1987 இல். ஒருநாள் வீழ்ச்சியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், இரண்டாவதே பெரிது. 1929 ஒக்டோபர் 28 ஆந் திகதி நியூயோர்க் பங்குகளின் டவ் ஜோன்ஸ் சுட்டெண் நூற்றுக்கு 13 அளவிலும், மறுநாள் நூற்றுக்கு 12 அளவிலும் விழுந்தது. 1987 ஒக்டோபர் 19 ஆந் திகதியோ அது ஒரே நாளில் நூற்றுக்கு 22.6 விழுந்தது. எனினும், முதலாவது சரிவைத் தொடர்ந்து உலகம் பத்தாண்டுகள் வறுமையில் உழன்றது. இரண்டாவது சரிவை இரண்டாண்டுகளுக்குள் உலகம் ஏறத்தாழ மறந்தே போயிற்று. பெரிய இடி விழுந்த வீடு நின்றது. சிறிய இடி விழுந்த வீடு எரிந்தது. இஃது எவ்வாறு நேர்ந்தது? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பங்கும் விலையும்

ஒரு கம்பனியின் பங்கு என்பது அதன் உடைமையிலும் வருவாயிலும் ஒருவருக்குள்ள உரிமைக்குச் சான்றான தாள். அத்தாளின் விலை கம்பனி ஈட்டும் இலாபத்தை ஒட்டி அமையவேண்டும் என்பது நியாயம். ஆனால் பங்கை வாங்குவோர் யாவரும் இலாபத்தில் பங்கு பெறுவதற்காகவே வாங்குவதில்லை. நாளை மற்றொருவர் இதனினும் கூடிய விலைக்கு வாங்குவார் என்ற நம்பிக்கையிலேயே பலர் வாங்குகின்றனர். அந்த நாளை மனிதரும் அதற்கடுத்த நாள் மனிதரை நம்பியே வாங்குகிறார். இவ்வாறு விலையானது பொருளின் மதிப்பை விட்டுப் பெயர்ந்து, பிறர் மனத்தைப் பற்றிய ஊகத்தின்மேல் ஏறி அமர்ந்துவிடுகிறது.

இதனோடு கடனும் சேருமாயின் நிலைமை பன்மடங்கு ஆபத்தாகும். நூறு டொலர் பெறுமதியான பங்கைப் பத்து டொலர் கைப்பணமும் தொண்ணூறு டொலர் கடனுமாக வாங்கிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். விலை பத்து டொலர் ஏறினால் அவர் போட்ட பணம் இரட்டிக்கிறது. பத்து டொலர் இறங்கினாலோ அவர் முதல் முழுவதும் போயிற்று. கடன் கொடுத்த தரகர் மேலும் பணம் கேட்பார். கொடுக்க இயலாதவிடத்துப் பங்கை விற்றுவிடுவார். அந்த விற்பனை விலையை இன்னும் இறக்கும். அவ்விறக்கம் அடுத்தவரின் பங்கையும் விற்கச் செய்யும்.

முதலாவது ஒக்டோபர்

1920 களின் அமெரிக்காவில் நிகழ்ந்தது இதுவே. மோட்டார் வண்டி, வானொலி, மின்சாரம் ஆகிய புதுமைகள் மெய்யான வளத்தை உண்டாக்கின. அவ்வளத்தைக் கண்ட மக்கள் அதற்கு எல்லையே இல்லையென எண்ணினர். மிகக் குறைந்த முன்பணத்துடன் பங்கு வாங்கத் தரகர்கள் கடன் கொடுத்தனர். அக்கடன் 1929 இல் 850 கோடி டொலருக்கு மேல் உயர்ந்தது. 1929 செப்டெம்பர் 3 ஆந் திகதி சுட்டெண் 381 என்ற உச்சியைத் தொட்டது. யேல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் இர்விங் பிஷர், விலைகள் இனி இறங்காத ஓர் உயர்ந்த மேட்டுநிலத்தை அடைந்துவிட்டன என்ற கருத்தை வெளியிட்டார். அவர் சாதாரண ஊகவாணிகர் அல்லர். தம் காலத்துத் தலைசிறந்த பொருளியலாளருள் ஒருவர். அவரும் தம் செல்வத்தை இச்சரிவிலேயே இழந்தார்.

மேகங்கள் முன்னரே திரண்டிருந்தன. ஊகவாணிகத்தை அடக்கக் கருதி நியூயோர்க் மத்திய வங்கி ஓகஸ்ட் மாதத்தில் வட்டியை நூற்றுக்கு 6 ஆக உயர்த்தியது. செப்டெம்பரில் இலண்டனில் கிளாரன்ஸ் ஹாட்ரி என்பாரின் நிதிக் குழுமம் மோசடி வெளிப்பட்டுச் சரிந்தது. அமெரிக்கத் தொழிற்சாலைகளின் உற்பத்தியும் கோடையிலிருந்தே தளரத் தொடங்கியிருந்தது. ஒக்டோபர் 24, வியாழக்கிழமை, 1 கோடி 29 இலட்சம் பங்குகள் கைமாறின. விலைகளை அச்சிட்டு அனுப்பும் தந்திப் பொறி சந்தை மூடிய பின்னும் நான்கு மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. தாம் ஆண்டியா அரசனா என்பதை அறியாமலே மக்கள் மாலைவரை காத்து நின்றனர். அன்று பிற்பகல், பெருவங்கியாளர் சார்பில் றிச்சர்ட் விற்னி என்பவர் சந்தைத் தளத்தில் நடந்து சென்று, யூ. எஸ். ஸ்ரீல் கம்பனிப் பங்குகளை 205 டொலருக்கு வாங்குவதாக உரத்துக் கூறினார். சந்தை ஒரு கணம் மூச்சு விட்டது. ஆனால் அடுத்த திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் வந்த வெள்ளத்துக்கு அந்த அணை ஈடுகொடுக்கவில்லை. செவ்வாயன்று மட்டும் 1 கோடி 64 இலட்சம் பங்குகள் விற்பனையாகின.

இதுவரை கூறியன யாவரும் அறிந்த கதை. பலரும் அறியாத பகுதி இனித்தான் வருகிறது. அப்போது அமெரிக்காவில் வாழ்ந்த 12 கோடி மக்களுள் பங்குத் தரகரிடம் கணக்கு வைத்திருந்தோர் சுமார் 15 இலட்சம் பேரே. அன்றியும், நியூயோர்க் மத்திய வங்கி முதற் சில நாட்களில் செவ்வனே செயற்பட்டது. அரசாங்கப் பத்திரங்களை வாங்கி வங்கிகளுக்குப் பணம் கிடைக்க வழிசெய்தது. 1930 ஏப்ரில் மாதத்தில் சுட்டெண் மீண்டும் 294 வரை ஏறியது. அவ்வேளையில் ஒருவர் சரித்திரம் எழுதியிருந்தால், "கடும் புயல் ஒன்று அடித்து ஓய்ந்தது" என்றே எழுதியிருப்பார். பெருமந்தம் என நாம் இன்று அழைக்கும் பேரழிவு அப்பொழுது இன்னும் முழு உருவம் பெற்றிருக்கவில்லை.

செய்தவையும் செய்யாதவையும்

அதற்கு உருவம் கொடுத்தவை பின்வந்த செயல்களும் செயலின்மைகளுமே. 1930 ஜூன் மாதத்தில் ஸ்மூற் - ஹோலி சட்டம் எனப்படும் இறக்குமதி வரிச் சட்டத்தில் ஜனாதிபதி ஹூவர் ஒப்பமிட்டார். ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருளியலாளர்கள் வேண்டாமென்று மனுச் செய்தும் பயனில்லை. பிற நாடுகளும் பதிலுக்கு வரிச்சுவர் எழுப்பின. அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்க வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைக்கத் தொடங்கின. 1930 க்கும் 1933 க்கும் இடையில் மூடப்பட்டவை ஏறத்தாழ 9,000. பங்குச் சந்தையின் திசையையே அறியாத கமக்காரனும் பள்ளி ஆசிரியையும் தாம் சிறுகச் சிறுகச் சேமித்த வைப்புப் பணத்தை இழந்தனர். வங்கிக்கு வங்கியாக நிற்பதற்கென்றே 1913 இல் நிறுவப்பட்ட மத்திய வங்கி, அவற்றுட் பெரும்பாலானவை வீழ்வதைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாட்டிற் புழங்கிய பணத்தின் அளவு மூன்றிலொரு பங்கு சுருங்கியது.

1931 மே மாதத்தில் வியன்னாவின் கிறெடிற் அன்ஸ்ரால்ற் வங்கி நொடித்தது. நெருப்பு ஜேர்மனிக்குத் தாவியது. செப்டெம்பரில் பிரித்தானியா பொன் நியமத்தைக் கைவிட்டது. அஃதாவது, பவுண் தாளுக்கு ஈடாக நிர்ணயித்த அளவு பொன் தருவதாகக் கொடுத்திருந்த வாக்குறுதியை நீக்கிக்கொண்டது. தன் பொன்னும் வெளியேறிவிடுமோ என அஞ்சிய அமெரிக்க மத்திய வங்கி, வேலையில்லாத் திண்டாட்டத்தின் நடுவே, ஒக்டோபரில் வட்டியை ஒன்றரையிலிருந்து மூன்றரைக்கு உயர்த்தியது. குருதி இழந்து கிடப்பவனுக்கு மேலும் குருதி வாங்கி வைத்தியம் செய்தது போலாயிற்று. 1932 ஜூலை 8 இல் சுட்டெண் 41 ஆகத் தாழ்ந்தது. 1933 இல் அமெரிக்கத் தொழிலாளருள் நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. ஜேர்மனியில் 1932 இன் தொடக்கத்தில் வேலையற்றோர் 60 இலட்சம். 1928 இல் அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் 12 ஆசனங்களே பெற்றிருந்த நாஜிக் கட்சி 1930 செப்டெம்பரில் 107 ஆசனங்களைக் கைப்பற்றியதற்கும், 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிப் பீடம் ஏறியதற்கும் இந்தத் துயரம் பெருந்துணை செய்தது.

தாளிலிருந்து பால்மரத்துக்கு

வோல் வீதியில் வீழ்ந்த தாள் நம் நாட்டு மலைச்சரிவுகளில் யாரைத் தாக்கிற்று என்பதையும் நோக்குதல் வேண்டும். 1929 இல் அமெரிக்கா 53 இலட்சம் மோட்டார் வண்டிகளைச் செய்தது; 1932 இல் செய்தவை 13 இலட்சம் மட்டுமே. வண்டி குறைந்தால் சில்லுக்கு வேண்டிய றப்பரும் குறையும். றப்பர் விலை அதற்கு முன்னரே, மிகை உற்பத்தியால், இறங்கிக்கொண்டிருந்தது என்பது உண்மையே. எனினும் மந்தம் அதனை அதலபாதாளத்தில் தள்ளியது. 1925 இல் இலண்டனில் இறாத்தல் நான்கு ஷில்லிங்குக்கு மேல் விற்ற றப்பர், 1932 இல் மூன்று பென்சுக்கும் குறைவாக விற்றது. பால் வெட்டும் கூலிக்கே அது கட்டுப்படியாகவில்லை. தோட்டங்கள் பல பால் வெட்டுவதையே நிறுத்தின.

இலங்கையில் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விதிக்கப்பட்டிருந்த ஆகக்குறைந்த நாட்கூலி 1930 களின் முற்பகுதியிற் குறைக்கப்பட்டது. வேலையிழந்தோர் கப்பலேறித் தமிழகத்துக்குத் திரும்பினர். மலாயாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட இந்தியத் தொழிலாளர் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவருட் பெரும்பாலார் தமிழர். தேயிலைக்கு 1933 இலும் றப்பருக்கு 1934 இலும் சர்வதேச ஒப்பந்தங்கள் ஏற்பட்டு, உற்பத்தியும் ஏற்றுமதியும் கட்டுப்படுத்தப்பட்ட பின்னரே விலைகள் மெல்லத் தலைதூக்கின.

பர்மாவில் நிகழ்ந்தது வேறொரு வகைத் துயரம். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ஐராவதிக் கழிமுகத்துக் கமக்காரருக்கு நிலத்தை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்து வந்தனர். நெல் விலை சரிந்ததும் கடன் திரும்பவில்லை. ஈடாக வைத்த நிலமே திரும்பிற்று. 1930 இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய மாவட்டங்களில் நூற்றுக்கு 6 அளவினதாயிருந்த செட்டியார் நிலவுடைமை, 1937 இல் நூற்றுக்கு 25 ஆக வளர்ந்தது. வட்டித் தொழில் செய்யப் போனவர்கள் வேண்டாமலே நிலக்கிழார்களாயினர். நிலமிழந்தவர்களின் பகையையும் அதனோடு பெற்றனர். கடன் பெற்றவனும் கெட்டான், கொடுத்தவனும் நிம்மதியிழந்தான். இவர்களுள் எவரும் நியூயோர்க்கில் ஒரு பங்கேனும் வாங்கி விற்றவர் அல்லர் என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது ஒக்டோபர்

ஐம்பத்தெட்டு ஆண்டுகள் உருண்டோடின. 1987 இல் உலகச் சந்தைகள் தொலைபேசியாலும் கணினியாலும் இணைக்கப்பட்டிருந்தன. ஓகஸ்ட் 25 இல் டவ் ஜோன்ஸ் சுட்டெண் 2722 என்ற உச்சியை அடைந்தது. வட்டி வீதம் ஏறிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் வெளிநாட்டு வாணிகப் பற்றாக்குறை பெருகியது. டொலரின் மதிப்புக் குறித்து அமெரிக்காவும் மேற்கு ஜேர்மனியும் பிணங்கின. ஆனால் இவற்றால் மட்டும் ஒரே நாளில் ஐந்திலொரு பங்குக்கு மேற்பட்ட செல்வம் கரைந்திருக்கமாட்டாது.

இங்குதான் நுண்ணிய படிப்பினை ஒன்று ஒளிந்துள்ளது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான ஹேய்ன் லீலண்ட், மார்க் றூபின்ஸ்ரைன் ஆகியோர் முதலீடுகளைக் காக்க ஓர் உபாயம் வகுத்திருந்தனர். விலை சிறிது இறங்கினால் சிறிது விற்கவேண்டும். மேலும் இறங்கினால் மேலும் விற்கவேண்டும். இவ்வாறு செய்தால் நட்டம் ஓரெல்லைக்குள் நிற்கும். முதலீட்டுக் காப்புறுதி எனப் பெயர்பெற்ற இம்முறை தனி ஒருவருக்குக் குற்றமற்றது. ஆனால் ஓய்வூதிய நிதிகளும் பிறவுமாக 6,000 கோடி டொலருக்கு மேற்பட்ட முதலீடுகள் இம்முறையைத் தழுவியபோது நிலைமை மாறியது. விலை இறங்கும்போது யாவரும் விற்பதென்றால், வாங்குபவர் யார்? ஒவ்வொருவரும் தம்மைக் காத்துக்கொள்ளச் செய்த ஏற்பாடே எல்லோரையும் கவிழ்க்கும் ஏற்பாடாக முடிந்தது.

ஒக்டோபர் 14, புதன்கிழமை, சுட்டெண் 95 புள்ளிகள் இறங்கியது. வெள்ளியன்று 108 புள்ளிகள் இறங்கியது. அதே வெள்ளியன்று தென் இங்கிலாந்தைப் பெரும் புயல் தாக்கியதால் இலண்டன் தரகர் பலர் அலுவலகம் சேர இயலவில்லை. அவர்கள் விற்க நினைத்தவையும் திங்கட்கிழமைக்குத் தேங்கின. திங்கட் காலை ஹொங்கொங் நூற்றுக்கு 11 விழுந்தது. பொழுது மேற்கே நகர நகர வீழ்ச்சியும் உடன் நகர்ந்தது. இலண்டனும் அவ்வளவே விழுந்தது. நியூயோர்க் திறந்ததும் காப்புறுதி முறையினர் சிக்காகோவின் எதிர்கால ஒப்பந்தச் சந்தையில் விற்பனையைக் குவித்தனர். அங்கு விழுந்த விலை நியூயோர்க்கையும் இழுத்து வீழ்த்தியது. மாலையில் 508 புள்ளிகள் மறைந்திருந்தன. செவ்வாயன்று தோக்கியோ நூற்றுக்கு 15 அளவிலும், அவுஸ்திரேலியா நூற்றுக்கு 25 அளவிலும் சரிந்தன. ஹொங்கொங் அவ்வாரம் முழுவதும் சந்தையை மூடிவைத்து, அடுத்த திங்கட்கிழமை திறந்தபோது, மூடிவைத்த அச்சமெல்லாம் ஒருங்கே வெளிப்பட்டு நூற்றுக்கு 33 விழுந்தது.

அணை எங்கே கட்டப்பட்டது?

1929 ஐ அறிந்தோர் யாவரும் அன்றிரவு அஞ்சினர். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை, சந்தை திறக்கு முன்னரே, அமெரிக்க மத்திய வங்கி ஒற்றை வாக்கியத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டது. வங்கி முறைக்கு வேண்டிய பணத்தை வழங்கத் தான் ஆயத்தமாயிருப்பதாக அது உறுதி கூறியது. அதன் தலைவர் அலன் கிறீன்ஸ்பான் பதவியேற்று அப்போது இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. மத்திய வங்கி அரசாங்கப் பத்திரங்களை வாங்கிப் பணத்தை ஊட்டியது; தரகர்களுக்குக் கடனை நிறுத்திவிடவேண்டாமெனப் பெருவங்கிகளை ஊக்கியது. செவ்வாயன்று சுட்டெண் 102 புள்ளிகளும் புதனன்று 186 புள்ளிகளும் ஏறியது. ஆண்டு முடிவில் அது தொடங்கிய இடத்துக்குச் சற்று மேலேயே நின்றது. 1989 ஓகஸ்டில் பழைய உச்சியைக் கடந்தது. 1929 இன் உச்சியை மீண்டும் தொடுவதற்கு 1954 நவம்பர்வரை காத்திருக்கவேண்டியிருந்தது என்பதை இதனோடு ஒப்பிட்டுக் காண்க.

வேற்றுமை மத்திய வங்கியின் ஓர் அறிக்கையில் மட்டும் இல்லை. 1933 இல் ஏற்பட்ட வைப்புக் காப்புறுதியால், சாதாரண மனிதன் தன் சேமிப்பைத் தேடி வங்கி வாசலுக்கு ஓடவேண்டிய தேவை இருக்கவில்லை. பொன் நியமம் என்னும் விலங்கும் இல்லை. பங்கு வாங்கக் கொடுக்கும் கடனுக்குச் சட்டம் எல்லை விதித்திருந்தது. பெருமந்தத்தில் துன்புற்ற ஒரு தலைமுறை கட்டிய அணைகள், அவர்தம் பேரப்பிள்ளைகளைக் காத்தன. 1963 இல் மில்ற்றன் பிரீட்மனும் அன்னா ஷ்வாட்ஸும் வெளியிட்ட அமெரிக்கப் பண வரலாற்று நூல், மத்திய வங்கியின் செயலின்மையே மந்தத்தைப் பெருமந்தமாக்கியது என நிறுவ முயன்றது. 2002 இல் அவ்வங்கியின் ஆளுநருள் ஒருவரான பென் பெர்னான்கி, அக்குற்றச்சாட்டு உண்மையே எனப் பொதுமேடையில் ஒப்புக்கொண்டார்.

மருந்தின் மறுபக்கம்

இவ்வாறு கூறுவதால், பணத்தை அள்ளி இறைத்தால் எல்லாம் நலமாகும் என்று முடிவுகட்டிவிடலாகாது. 1987 இன் பின்னரும் யப்பானிய மத்திய வங்கி தன் வட்டியை நூற்றுக்கு 2.5 என்ற தாழ்நிலையிலேயே 1989 மே வரை வைத்திருந்தது. மலிவான பணம் நிலத்திலும் பங்கிலும் பாய்ந்தது. 1989 டிசெம்பர் இறுதியில் தோக்கியோவின் நிக்கேய் சுட்டெண் 38,915 என்ற உச்சியைத் தொட்டுப் பின் சரிந்தது. அவ்வுச்சியை மீண்டும் கடக்க 2024 வரை 34 ஆண்டுகள் சென்றன. நியூசிலாந்து எதிர்வழி சென்றது. பணவீக்கத்தை அடக்குவதிலேயே கருத்தாயிருந்த அந்நாட்டில் பங்கு விலைகள் சில மாதங்களுள் உச்சியிலிருந்து நூற்றுக்கு 60 அளவில் வீழ்ந்தன. ஆதலின் மருந்தின் அளவும் காலமும் அறிந்து கொடுத்தலே வைத்தியம்.

இன்னுமொரு தீங்கும் உண்டு. விழும்போதெல்லாம் தாங்குவதற்கு ஒரு கை உண்டென்று அறிந்தவன், ஏறும்போது அஞ்சமாட்டான். 2008 இல் அமெரிக்க வீட்டுக் கடன்களிலிருந்து எழுந்த நெருக்கடியில் இதனையே கண்டோம். பெருவங்கிகள் பல அரசாங்கப் பணத்தால் மீட்கப்பட்டன. வீட்டுக் கடன் கட்ட இயலாத குடும்பங்கள் பல இலட்சம் வீடிழந்தன. இலாபம் தனியாருடையதாகவும் நட்டம் பொதுமக்களுடையதாகவும் அமையுமாயின், அதனை அணை என்று அழைப்பது பொருந்தாது.

நாம் கொள்ளத்தக்கது

இரண்டு ஒக்டோபர்களையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு ஓருண்மை புலனாகும். சரிவின் காரணங்கள் மனித இயல்பில் வேரூன்றியவை: பேராசை, அச்சம், பிறரைப் பார்த்து நடத்தல். அவற்றை எச்சட்டத்தாலும் அடியோடு களைய முடியாது. ஆகவே சந்தைகள் இனியும் சரியும். ஆனால் விளைவுகளோ மனித இயல்பால் விதிக்கப்பட்டவை அல்ல. 1930 இன் வரிச்சுவரும், கைவிடப்பட்ட 9,000 வங்கிகளும், 1931 இன் வட்டி உயர்வும் மனிதர் மேசைமுன் அமர்ந்து ஒப்பமிட்ட தீர்மானங்கள். வேறுவிதமாகத் தீர்மானித்திருக்க முடியும் என்பதற்கு 1987 சாட்சி.

எனவே, மாணாக்கர்க்குப் பெருமந்தத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், வோல் வீதியில் மாடியிலிருந்து குதித்தோரைப் பற்றிய கதைகளோடு நின்றுவிடலாகாது. அக்கதைகளுட் பல மிகைப்பட்டவை என்பதும் அறிந்ததே. பால் வெட்டும் கத்தியை மூலையில் வைத்துவிட்டு, குழந்தைகளோடு கப்பலேறிய தொழிலாளியையும், கூலி குறைந்ததற்குக் காரணம் கேட்கவும் வழியறியாது நின்ற கொழுந்து கொய்யும் பெண்ணையும் அப்பாடத்தில் சேர்த்துக் காட்டவேண்டும். சந்தை ஏறும்போது அவர்களை நினைத்தவர் எவருமில்லை. சரிந்தபோது சுமையைத் தூக்கியவர்கள் அவர்களே. அடுத்த சரிவு எப்போது வரும் என்பதைச் சோதிடர்க்கு விட்டுவிடலாம். வரும்போது யார் தலையில் அதன் சுமை இறங்கவேண்டும் என்பதைக் குடிமக்களாகிய நாம் முன்கூட்டியே கேட்டு வைப்பது நன்று.